என் வீட்டு பிரிண்டருக்கு யாருடைய பாஸ்வேர்டு?

நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வீட்டில் பிரிண்டர் வைத்திருப்பவர்களும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஆன்லைனில் பிரிண்டர் வாங்கி அனுப்பியவர்களும் முழுக்கப் படிக்கவேண்டும். முக்கியமாக அந்த இரண்டாவது ரகம். உங்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் (பெயர் சொல்லமாட்டேன், ஐந்தாம் வகுப்பில் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்ச்) எழுதியிருந்தான். "அம்மாவுக்கு வைஃபை பிரிண்டர் வாங்கிக் கொடுத்துட்டேன் மிஸ். எங்க வேணா வெச்சுக்கலாம். எல்லாம் ஆட்டோமேட்டிக். இனிமே ஒரு தொல்லையும் இல்ல." அதற்கு ஒரே கைதட்டல், பூங்கொத்து. நான் ஒன்றும் போடவில்லை. போட்டிருந்தால் குழுவில் சண்டை வந்திருக்கும். அதனால் என் சொந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

"எங்க வேணா வெச்சுக்கலாம்" என்கிற அந்த மூன்று சொல்தான் நான் எதிர்ப்பது. அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடுகிறீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பையனும் இதையேதான் செய்தான். பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்தவன், இருபது நிமிஷத்தில் பிரிண்டரை வேலை செய்ய வைத்தான். அவன் ஃபோனில் ஒரு ஆப், அவன் ஈமெயிலில் ஒரு அக்கவுண்ட். ஹாலில் வைத்தால் ஆஃபீஸ் மாதிரி இருக்கும் என்று உள் ரூமில் ஸ்டீல் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தான். கலரில் ஒரு கோலப் படம் அச்சடித்துக் காட்டினான். எல்லோரும் மெச்சினோம். அவன் ஊருக்குப் போனான். மாசி பிறப்பதற்குள் பிரிண்டரும் போய்விட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, விளக்கெல்லாம் எரிகிறது. ஆனால் கம்ப்யூட்டரைக் கேட்டால் "ஆஃப்லைன்" என்கிறது. அணைத்துப் போட்டால் சில நாள் வரும், சில நாள் வராது. பள்ளிக்கூடத்துக்கு நினைத்தால் வரும் பையன்கள் சிலர் இருப்பார்களே, அந்த மாதிரி.

போன நவம்பரில் என் வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன். இன்ஷூரன்ஸுக்கு மறுநாள் காலை காகிதங்கள் கொடுக்கவேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், எல்லாம் ஃபோனில் இருக்கிறது, பேப்பரில் இல்லை. ராத்திரி எட்டரை மணி. பிரிண்டர் ஆஃப்லைன். ஆப்பை என் ஃபோனில் ஏற்றினால் அக்கவுண்டுக்குள் நுழையச் சொல்கிறது. நுழைந்தால் ஓடிபி. ஓடிபி யாருக்குப் போகும்? என் பையன் ஃபோனுக்கு. அவன் அப்போது விமானத்தில் இருக்கிறான். என் வீட்டில், என் கரண்டில், என் பேப்பர் போட்டு நிற்கிற மெஷின், ஆகாயத்தில் இருக்கிற ஒருவனின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது.

கடைக்குப் போனேன். எந்தக் கடை என்பது வேண்டாம், ஆரிய கௌடா ரோடு பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு ஜெராக்ஸ் கடை. "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்கம்மா" என்றான் பையன். அனுப்பினேன். அவன் டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்தபோது திரை என் பக்கம் திரும்பியிருந்தது. அன்றைக்கு வந்தவை மட்டுமல்ல, மாதக்கணக்கில் வந்தவை. ஆதார், பான், வாடகை ஒப்பந்தம், ஸ்கேன் ரிப்போர்ட், யாரோ ஒரு பெண்ணின் ஜாதகமும் சம்பளச் சீட்டும். அதில் ஒரு முகம் எனக்குத் தெரிந்த முகம். என்னிடம் படித்த ஒருத்தியின் அம்மா. அந்த அம்மாவின் ஆதாரும் பாஸ்புக்கும் அடுத்தடுத்து இருந்தன.

"இதையெல்லாம் அழிக்க மாட்டியாப்பா?" என்று கேட்டேன். "டைம் எங்கம்மா இருக்கு" என்றான். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பத்து வரை நிற்கிற பிள்ளை. அந்தக் கடைகள் இல்லையென்றால் மேற்கு மாம்பலத்தில் பாதி பென்ஷன்காரர்களுக்குக் கைகால் ஓடாது. ஆனால் நம் வீட்டுக் காகிதம் அங்கே போய் உட்காருவதற்குக் காரணம் அவனல்ல. வீட்டில் மெஷின் இருந்தும் அது நம் பேச்சைக் கேட்காததுதான் காரணம்.

2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது, ஞாபகம் இருக்கிறதா? ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற முகமூடி ஆதாரைக் கொடுங்கள், பொதுக் கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்தால் அழித்துவிட்டு வாருங்கள் என்று. ஜனங்கள் பதறிப்போகவும், இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி. அறிவிப்பு போய்விட்டது. அதில் இருந்த புத்திமதியும் கூடவே போகவேண்டுமா என்ன?

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காகிதம் கொடுத்துவிட்டு வந்து, இந்த மெஷினை ஒரு கை பார்ப்பது என்று உட்கார்ந்தேன். "மிஸ், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை, டெக்னீஷியனைக் கூப்பிடுங்க" என்று சொல்லப்போகிறவர்களுக்கு: ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் மை தடவி, மூன்று வகுப்புக்குக் கேள்வித்தாள் உருட்டிக் கொடுத்த கை இது. மை எங்கே கசியும், பேப்பர் எங்கே சிக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். அந்த மெஷின் என்னிடம் ஒரு நாளும் பாஸ்வேர்டு கேட்டதில்லை.

முதலில் பிரிண்டரையே கேட்டேன். பெரும்பாலான பிரிண்டர்களில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தாலோ, மெனுவுக்குள் போனாலோ "நெட்வொர்க் விவரம்" என்று ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கும். எந்த வைஃபையில் இருக்கிறேன், என் முகவரி என்ன என்று தானே வாக்குமூலம் கொடுத்துவிடும். அதைப் பார்த்ததும் பாதி வியாதி தெரிந்துபோனது.

எங்கள் வீட்டில் ஃபைபர் கம்பெனி வாசல் பக்கம் மாட்டிய பெட்டி ஒன்று. அது தானும் ஒரு வைஃபை கொடுக்கிறது. உள் ரூமுக்கு எட்டவில்லை என்று பையன் வாங்கி மாட்டிய ரவுட்டர் இன்னொன்று. பிரிண்டர் முதல் பெட்டியில், எங்கள் ஃபோனும் லேப்டாப்பும் இரண்டாவதில். ஒரே வீடுதான், ஆனால் இரண்டு நெட்வொர்க். நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: ரங்கநாதன் தெருவும் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் நம் தெருவும் கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் தண்டவாளம். துரைசாமி சுரங்கப்பாதையில் நுழைந்தோ, பாலம் ஏறியோதான் போகவேண்டும். ஃபோன் "இங்கே பிரிண்டர் இருக்கிறதா?" என்று போடும் கூப்பாடு அதே நெட்வொர்க்குக்குள்தான் கேட்கும். தண்டவாளம் தாண்டிப் போகாது. பிரிண்டர் அந்தப் பக்கம் நின்றுகொண்டு "என்னை யாரும் கூப்பிடலையே" என்கிறது, நாம் "ஆஃப்லைன்" என்று திட்டுகிறோம். சில வீடுகளில் "கெஸ்ட்" வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்திருப்பார்கள், அங்கேயும் இதே கதைதான். விருந்தாளி நெட்வொர்க் என்றாலே வீட்டுச் சாமான்களைப் பார்க்கவிடாது, அதற்காகவே அது இருக்கிறது.

மீதிப் பாதி வியாதி முகவரி. ரவுட்டர் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண் கொடுக்கிறது, அதுதான் ஐபி முகவரி. கொடுப்பது சொந்தமாக அல்ல, வாடகைக்கு. பத்து நாள் அணைத்து வைத்த பிரிண்டர் திரும்ப வரும்போது பழைய எண் வேறு யாருக்கோ போயிருக்கலாம், அதற்கு வேறு எண் கிடைக்கும். லேப்டாப்போ பழைய எண்ணுக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். குடித்தனம் மாறிப் போனவர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போன கதை.

இதற்கு நான் செய்த வைத்தியம் ஒன்றுதான். உள் ரூமிலிருந்து பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு லேன் கம்பியைச் சொருகினேன். ரிச்சி தெருவில் ரெடிமேடாகக் கிடைக்கிறது, இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசு. பிறகு ரவுட்டருக்குள் போய் பிரிண்டருக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கினேன். லேப்டாப்பில் தானாகத் தேடச் சொல்லாமல், அந்த எண்ணைக் கொடுத்துச் சேர்த்தேன். ரவுட்டருக்குள் நுழையும் விலாசம் அந்தப் பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருக்கிறது, ராணுவ ரகசியம் ஒன்றுமில்லை. இரண்டு வைஃபையில் ஒன்றை அணைத்துவிட்டேன். ஏழு மாதம் ஆகிறது. ஒரு நாள் கூட "ஆஃப்லைன்" வரவில்லை.

இங்கேதான் எல்லோரும் என்னோடு சண்டைக்கு வருகிறீர்கள். "கம்பி போட்டா ஃபோன்லேர்ந்து பிரிண்ட் வராதே மிஸ்?" வரும். நன்றாக வரும். ஃபோன் வைஃபையில் ரவுட்டர் வரைக்கும் பேசுகிறது, ரவுட்டர் கம்பி வழியாகப் பிரிண்டரிடம் கொடுக்கிறது. கம்பி பிரிண்டருக்குத்தான், உங்களுக்கல்ல. நடமாடுகிற சாமானுக்கு வைஃபை வேண்டும். பிரிண்டர் நடமாடுமா? ஒரே இடத்தில் பாறாங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிற சாமானுக்குக் கம்பி இல்லாததில் என்ன பெருமை? அதற்குக் கரண்டுக் கம்பி எப்படியும் வேண்டும்தானே.

ஆப்பும் தேவையில்லை. ஐஃபோனில் 2010லிருந்தே பிரிண்ட் வசதி உள்ளேயே இருக்கிறது, அதற்கு ஏற்ற பிரிண்டராக இருந்தால் போதும். இப்போதைய ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் செட்டிங்ஸில் பிரிண்டிங் என்று இருக்கிறது. கம்பெனி ஆப் கேட்கும் ஈமெயில், இருப்பிடம், ஃபோன் நம்பர் எதுவும் கொடுக்காமலே அச்சடிக்கலாம்.

விலை குறைந்த பிரிண்டர் பலவற்றில் லேன் துளையே இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வைஃபைதான். அதற்கும் எண்ணை ஒதுக்குங்கள், இடத்தைப் பார்த்து வையுங்கள். இந்தப் பிரிண்டர்களில் நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் புரிந்துகொள்ளும். அதே அலைவரிசையில்தான் மைக்ரோவேவ் அடுப்பும் இரைச்சல் போடுகிறது, அடுக்குமாடியில் பத்து வீட்டு வைஃபையும் முட்டிக்கொள்கிறது. ஸ்டீல் பீரோ அலையைத் தடுக்கும் சுவர். என் பையன் வைத்த இடம் இருக்கிறதே, பிரிண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் சரியாகப் பீரோ நின்றது. எம்.டெக். படித்த பிள்ளை!

இடம் என்று வந்தபின் இதையும் சொல்லிவிடுகிறேன். தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கீழே இருந்த எதுவும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இடுப்பு உயரத்தில் மேஜை. ஜன்னலோரம் வேண்டாம், வெயிலும் சாரலும் வரும். சமையல்கட்டுப் பக்கம் வேண்டவே வேண்டாம், தாளிக்கிற எண்ணெய்ப் புகை உள்ளே போய்ப் படியும். லேசர் பிரிண்டர் என்றால் இன்வெர்ட்டர், யூபிஎஸ் லைனில் மாட்டாதீர்கள், சூடேறும் நேரத்தில் இழுக்கிற கரண்டு அதற்குத் தாங்காது. இங்க் பிரிண்டர் என்றால் சுவர் ஸ்விட்சைத் தட்டி அணைக்காமல் அதன் பட்டனிலேயே அணையுங்கள். அப்போதுதான் மை வரும் தலையை மூடிவைத்துவிட்டுத் தூங்கும். இல்லையென்றால் நம்ம ஊர் வெயிலில் காய்ந்துபோகும். வாரம் ஒரு கலர் பக்கமாவது அடியுங்கள்.

ஹாலில் வைத்தால் அழகில்லையாம். டிவி இருக்கலாம், ஃப்ரிட்ஜ் இருக்கலாம், ஒரு காலத்தில் தையல் மெஷினும் கிரைண்டரும் ஹாலில்தான் இருந்தன. பிரிண்டர் யாருடைய ரூமில் இருக்கிறதோ அவருடைய சாமான் ஆகிவிடுகிறது. மற்றவர்கள் கதவைத் தட்டிக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். பொதுச் சாமான் பொது இடத்தில் இருக்கட்டும்.

இப்போது அந்த அக்கவுண்ட் விஷயம். என் பையன் சொன்னான், "அம்மா, கிளவுட்ல இருந்தா நான் இங்கேர்ந்தே இங்க் எவ்வளவு இருக்குன்னு பார்த்துப்பேன்." கண்ணா, இங்க் டேங்க் மெஷினுக்கு வெளியே, கண்ணாடி மாதிரித் தெரிகிற டப்பாவில் இருக்கிறது. எனக்குப் புரை இன்னும் வரவில்லை.

கிளவுடை நம்பி இருந்தவர்கள் கதையைக் கேளுங்கள். உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றான கூகுள், எங்கிருந்தும் அச்சடிக்கலாம் என்று கிளவுட் பிரிண்ட் என ஒரு சேவை நடத்தியது. பத்து வருஷத்துக்கு மேல் நடத்திவிட்டு, 2020 டிசம்பர் 31 அன்று மூடிவிட்டது. அதை நம்பி அமைத்தவர்களெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. 2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் சில, ஒரே நாளில், வேறு கம்பெனி மைக்குப்பியை ஏற்கமாட்டேன் என்று நின்றன. உள்ளே இருந்த மென்பொருளில் முன்பே எழுதி வைத்திருந்தார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு கம்பெனி மன்னிப்புக் கேட்டு மாற்று மென்பொருள் கொடுத்தது. நேற்று வரை வேலை செய்தது இன்று செய்யாது, வாங்கியவருக்குக் காரணமும் தெரியாது.

இன்னும் பழைய கதை ஒன்று. 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அது அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பிரிண்டரோ வேறு மாடியில். பழைய பிரிண்டரின் நிரலை அங்கிருந்தவர்கள் திருத்தி, பேப்பர் சிக்கினால் செய்தி வரும்படி செய்திருந்தார்கள். புதியதில் அதைச் செய்ய முடியவில்லை, நிரலைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அந்த எரிச்சலை மறக்காத ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர்தான் 1983ல் க்னூ திட்டத்தை அறிவித்தார். உங்களில் எத்தனையோ பேர் இன்று சோறு சாப்பிடுகிற லினக்ஸ் உலகத்தின் வேரில் ஒரு பிரிண்டர் சண்டை இருக்கிறது. நான் ஒருத்தி மட்டும் பிரிண்டரோடு மல்லுக்கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று. ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி, பிரிண்டரைச் சுலபமாகச் சேர்க்க. பட்டனை அழுத்திச் சேர்ப்பதில் பெரிய பயமில்லை, இரண்டு நிமிஷத்தில் மூடிக்கொள்ளும். ஆனால் எட்டு இலக்கப் பின் எண் முறை ஒன்றும் அதில் உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு, யார் கண்டுபிடிப்பார் என்று தோன்றும். 2011 டிசம்பரில் வெளியே வந்தது உண்மை. ரவுட்டர் முதல் நான்கை மட்டும் தனியாகச் சரியா தப்பா என்று சொல்லிவிடுகிறது. அது 10,000 வாய்ப்பு. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது, ஆகவே மீதி மூன்றுதான், 1,000 வாய்ப்பு. பெருக்க வேண்டாம், கூட்டினால் போதும்: 11,000. பத்துக் கோடிப் பூட்டு பதினோராயிரம் ஆகிவிட்டது. அந்தப் பின் முறையை ரவுட்டரில் அணைத்து வையுங்கள்.

என் பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் உனக்கு நல்லதுதானேம்மா செஞ்சேன்" என்றான். குரல் கொஞ்சம் இறங்கித்தான் போனது. நல்லதுதான் செய்தாய். ஆனால் செய்ததைச் சொல்லிக் கொடுக்காமல் போனாய். அடிப்படை தெரியாத பிள்ளைக்கு விடையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற டியூஷன் மாதிரி. "அம்மாவுக்குப் புரியாது" என்று நீங்களே முடிவு கட்டிவிடுகிறீர்கள். ஒரு தாளில் பத்து வரி எழுதி வைத்தால் புரியாதா?

நான் எழுதி வைத்திருக்கிறேன். ரவுட்டர் பெயர், பாஸ்வேர்டு, பிரிண்டரின் எண், மாடல் எண், எந்த மை. பிளாஸ்டிக் கவரில் போட்டு மேஜை டிராயரில். சுவரில் ஒட்டாதீர்கள், வருகிறவர்கள் எல்லோரும் ஃபோட்டோ எடுப்பார்கள். ஃபைபர்காரர் நாளைக்குப் பெட்டியை மாற்றிவிட்டுப் போனால் நாம் ஒதுக்கிய எண் போய்விடும், அந்தத் தாளைப் பார்த்து நானே திரும்ப ஒதுக்கிக்கொள்வேன். அக்கவுண்டை நீக்கியாயிற்று. போன வாரம் என் வீட்டுக்காரர், ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு பயந்த அதே மனிதர், தன் பென்ஷன் சீட்டைத் தானே அச்சடித்தார். என்னைக் கூப்பிடவில்லை.

ஜன்னலோர மூன்றாவது பெஞ்ச், நீ அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஓர் அரைநாள் அம்மாவோடு உட்கார். உன் ஈமெயிலை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அவர் கையால் ஒரு முறை செய்ய வை. மேற்கு மாம்பலம் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குமேல் என் வீட்டுக்கே வரலாம், அந்த நெட்வொர்க் பக்கத்தை மட்டும் அச்சடித்து எடுத்து வாருங்கள். காபி உண்டு.

கடைசியாக ஒன்று. பிரிண்டரின் "டைரக்ட்" என்கிற சொந்த வைஃபையை அணைக்க நான் மறந்திருந்த நாட்களில், மேல் வீட்டுப் பையனின் பள்ளி ப்ராஜெக்ட் எங்கள் ஹாலில் வந்து விழுந்தது. ஒளிச்சேர்க்கை, கலரில், மூன்று பக்கம். அவன் அங்கே தன் பிரிண்டரை அடி அடி என்று அடித்துக்கொண்டிருந்தானாம். படத்தில் இலைத்துளையைத் தப்பான இடத்தில் குறித்திருக்கிறான். சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன், நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது கொடுக்கவேண்டும்.